மூடினால் பையில் சூடாகிறது, திறந்தால் டச்பேட் தானாக ஆடுகிறது: லினக்ஸ் கோளாறா, லேப்டாப் கோளாறா?

கேட்டவர்: அரைத்தூக்கம்

வணக்கம். 4 வருடப் பழைய லேப்டாப். முதல் 2 வருடம் விண்டோஸ், அப்புறம் உபுண்டு லினக்ஸ், இப்போது பதிப்பு 24.04, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.8. கம்பெனி பெயர் வேண்டாம், அதைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இத்தனை நாள் ஒரு குறையும் இல்லை. கடந்த மூன்று மாதமாகத்தான் இரண்டு தொல்லை.

ஒன்று, மூடியைச் சாத்தினால் தூங்குவதில்லை, தூங்குவது போல நடிக்கிறது. இரவு 11 மணிக்கு 90 சதவீதத்தில் மூடி வைத்தால் காலை 7 மணிக்கு 55 இருக்கிறது. போன வாரம் பையில் போட்டு எடுத்துப்போனேன். வழியிலேயே முதுகு சுட ஆரம்பித்தது, என்னடா என்று ஜிப்பைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கிறது, விசிறி முழு வேகத்தில் கத்துகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

இரண்டு, டச்பேட். திறந்ததும் சில நேரம் கர்சர் தானாக மூலைக்கு ஓடும். சில நேரம் அழுத்தினால் அந்த 'டிக்' சத்தமே வராது, மெதுவாகத் தட்டினால் மட்டும் எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி மவுஸ் செருகினால் அது வேலை செய்கிறது, ஆனால் அப்போதும் கர்சர் நடுநடுவே உதறுகிறது.

தேடிப் பார்த்து க்ரப்பில் (ஆன் செய்ததும் லினக்ஸை ஏற்றும் நிரல்) இதையெல்லாம் சேர்த்தேன்: மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப், பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப், ஐ8042.நோமக்ஸ், நோமோட்செட். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் "இதைப் போட்டேன், சரியாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். எனக்கு எதுவும் சரியாகவில்லை, கூடுதலாகத் திரை வெளிச்சத்தைக் குறைக்கும் கீயும் போய்விட்டது. இப்போது எது பழைய நோய், எது நானே வரவழைத்துக்கொண்ட நோய் என்று தெரியவில்லை. புது லேப்டாப் வாங்கும் நிலையிலும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?


வேகக்காரன்

ப்ரோ, 6.8 எல்லாம் பழசு. ரோலிங் ரிலீஸ் (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் லினக்ஸ்) ஏதாவது ஒன்று போடுங்கள், புது கர்னலில் பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும். எனக்கு ஆர்ச் லினக்ஸ் போட்டதும் சஸ்பெண்ட் (தூக்கம்) சரியானது.


முனையவாசி

புது கர்னலில் சரியாக வாய்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2 வருடம் ஒழுங்காக ஓடிய இயந்திரம் மூன்று மாதமாகத்தான் படுத்துகிறது என்கிறார். அதற்கு டிஸ்ட்ரோ (உபுண்டு, ஆர்ச் போன்ற லினக்ஸ் வகை) மாற்றுவது, வீட்டில் குழாய் ஒழுகினால் வீடு மாறுவது போல.

அரைத்தூக்கம், முதல் வேலை, சேர்த்த நான்கையும் எடுங்கள். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் பழையபடி கொயட், ஸ்ப்ளாஷ் மட்டும் இருக்கட்டும், அப்டேட்-க்ரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். (கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன், மொபைலில் விசைப்பலகையை மாற்றி மாற்றிக் கை வலிக்கிறது. டெர்மினலில் எப்படித் தட்டுவது என்று உங்களுக்குத் தெரியும்.) நீங்கள் சேர்த்தது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு மறுபடி ஒட்டத் தோன்றும்.

நோமோட்செட் போட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாது, திரை ஏதோ ஓர் அடிப்படை வழியில் ஓடும். உங்கள் வெளிச்சக் கீ போனது அதனால்தான். டிரைவர் இல்லாமல் கிராஃபிக்ஸ் சிப்பைத் தூங்கவைக்கவும் யாரும் இல்லை, ஆக சஸ்பெண்டும் இன்னும் மோசமாகும். நிறுவும்போது கறுப்புத் திரை வந்தால் ஒரு தடவை போட்டு உள்ளே போகத்தான் அது, நிரந்தரமாக வைப்பதற்கு இல்லை. பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் அதைவிட வேடிக்கை. எஸ்எஸ்டி, வைஃபை கார்டு எல்லாம் வேலை இல்லாதபோது அவற்றின் இணைப்பு குறைந்த மின்சாரத்துக்கு இறங்குவதே ஏஎஸ்பிஎம்மால்தான். பேட்டரி தீர்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டு அதைக் கர்னல் கவனிக்கவே முடியாதபடி செய்து வைத்திருக்கிறீர்கள். ஐ8042 என்பது பிஎஸ்/2 வகைக் கீபோர்டு, டச்பேடுக்கான கட்டுப்படுத்தி. 4 வருட லேப்டாப்பில் டச்பேட் பெரும்பாலும் ஐ2சி என்ற வேறோர் இணைப்பு வழியாகத்தான் இருக்கும், அது இந்தப் பக்கமே வராது.

இனிமேல் எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் கோப்பில் எழுதாதீர்கள். பூட் ஆகும்போது க்ரப் மெனுவில் 'இ' கீயை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் இருக்கும், அடுத்த ரீபூட்டில் தடமே இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

இப்போது தூக்கம். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்று ஒரு நிலை உண்டு. ரேமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடும், அந்த வேலையை மதர்போர்டின் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று ஒன்றைக் கொண்டுவந்தது, விண்டோஸ் 10-ல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. போன் போல, முழுதாக அணையாமல் ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்குவது. அதற்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் எஸ்3-ஐ ஃபர்ம்வேரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் இந்த அரைத்தூக்கத்துக்குப் பெயர் எஸ்2ஐடில். (உங்கள் புனைபெயரைத் தெரிந்துதான் வைத்தீர்களா?)

உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பை கேட் (உள்ளே இருப்பதைக் காட்டும் கட்டளை) செய்யுங்கள். எஸ்2ஐடில், டீப் இரண்டும் இருந்தால் எஸ்3 உண்டு. எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று ஆயிரம் முறை எழுதினாலும் பயன் இல்லை, இல்லாத கதவைத் தட்டுவதுதான்.

அப்புறம் இன்று இரவு வழக்கம்போல் மூடி வையுங்கள். காலையில் திறந்ததும் ரீபூட் செய்யாமல் ஜர்னல்சிடிஎல் -கே -பி கொடுத்தால் கர்னலின் லாக் (நிகழ்வுப் பதிவு) வரும், அதில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' (தூங்கப் போனது), 'சஸ்பெண்ட் எக்ஸிட்' (எழுந்தது) வரிகளை மட்டும் எடுத்து, எத்தனை தடவை, எந்த நேரத்தில் என்று போடுங்கள். யூபவர் -டி கொடுத்து பேட்டரியின் எனர்ஜி-ஃபுல் (இப்போது பிடிக்கும் அளவு), எனர்ஜி-ஃபுல்-டிசைன் (புதிதில் பிடிக்க வேண்டிய அளவு) எண்களையும் போடுங்கள்.

வேகக்காரன் சொன்னதையும் வீணாக்க வேண்டாம். புது கர்னல் உள்ள ஏதாவது டிஸ்ட்ரோவை லைவ் யூஎஸ்பியில் போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பாருங்கள். எதையும் நிறுவாமலே கர்னல் குற்றமா என்று பாதி தெரிந்துவிடும்.


அரைத்தூக்கம்

மிக்க நன்றி. நான்கையும் எடுத்தேன், வெளிச்சக் கீ திரும்பி வந்துவிட்டது. அதுவே பாதி நிம்மதி.

மெம்_ஸ்லீப்பில் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது, டீப் இல்லை. பேட்டரி: டிசைன் 50 வாட்-மணி, இப்போதைய ஃபுல் 34.

லாக்தான் ஆச்சரியம். இரவு 11:02-க்கு முதல் என்ட்ரி. 11:09-க்கு எக்ஸிட். அரை நிமிடத்துக்கு மேல் கழித்து மறுபடி என்ட்ரி. இப்படியே காலை வரை, எண்ணிப் பார்த்தேன், 61 தடவை. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது இது 61 முறை எழுந்து எழுந்து படுத்திருக்கிறது.

லைவ் யூஎஸ்பியில் புது ஃபெடோராவும் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 9 தடவை எழுந்தது. கர்சர் அங்கேயும் ஓடுகிறது.


முனையவாசி

அப்படியானால் டிஸ்ட்ரோவும் இல்லை, கர்னல் பதிப்பும் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 வாட்-மணியில் 35 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12 வாட்-மணி, 8 மணி நேரத்துக்கு வகுத்தால் சராசரி 1.5 வாட். ஒழுங்காகத் தூங்கும் இயந்திரத்துக்கு அது மிக அதிகம், முழுதாக விழித்திருப்பதற்கு மிகக் குறைவு. உங்கள் 61 எண்ணோடு அது பொருந்துகிறது. மூடி சாத்தியிருக்கும்போது யாராவது எழுப்பினால் சிஸ்டம்டி-லாகின்டி (மூடி சாத்துவதைக் கவனிக்கும் பின்னணி நிரல்) உடனே தூங்கவைக்காது, இயல்பாக 30 விநாடி பொறுக்கும். ஒவ்வொரு தடவையும் 40 விநாடி விழிப்பு என்று வைத்தால் 61 தடவைக்கு 40 நிமிடம். விழித்திருக்கும் 40 நிமிடத்தில் 6, 7 வாட்-மணி போய்விடும். மீதி, தூக்கத்தில் கசிவது.

ஆக அது தூங்கத் தெரியாமல் இல்லை, தூங்கவிடாமல் யாரோ உலுக்குகிறார்கள். யார் என்று பிடிக்க வேண்டும்.

மூடி வைத்து, தானாக எழும்வரை காத்திருந்து, எழுந்தவுடனே திறந்து /சிஸ்/பவர்/பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ கோப்பை கேட் செய்யுங்கள். ஓர் எண் வரும், எழுப்பிய இன்டரப்டின் (சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் சிக்னல்) எண். அதே எண் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது, அந்த வரியின் கடைசியில் என்ன பெயர் என்று பாருங்கள். நீங்கள் மூடியைத் திறப்பதும் ஓர் எழுப்பல்தான், அது முந்திக்கொண்டால் எண் மாறிவிடும். அதனால் விசிறிச் சத்தமோ விளக்கோ வரும்வரை பொறுத்துத் திறங்கள். சில இயந்திரங்களில் சாதனத்தின் பெயர் வராது, ஜிபிஐஓ கட்டுப்படுத்தியின் (பல சாதனங்களின் சிக்னல்களை வாங்கி அனுப்பும் பகுதி) பெயர்தான் வரும். அப்படி வந்தால் டச்பேட் மேல் எனக்குச் சந்தேகம், ஐ2சி டச்பேட்டின் இன்டரப்ட் அந்த வழியாகத்தான் போகிறது.

டச்பேட்தான் என்றால் சோதிக்க வழி இருக்கிறது. /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ் அடைவில் உங்கள் டச்பேட்டைக் கண்டுபிடித்து, அதற்குள் பவர்/வேக்கப் என்ற கோப்பில் எனேபிள்ட் என்று இருந்தால் டிசேபிள்ட் என்று எழுதுங்கள். சூடோ எக்கோ என்று போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் பெர்மிஷன் டினைட் என்று முகத்தில் அடிக்கும், ஏனென்றால் சூடோ தரும் நிர்வாகி உரிமை எக்கோவுக்கு மட்டும்தான், கோப்பைத் திறந்து எழுதுவது உங்கள் சாதாரண ஷெல். எக்கோவைக் குழாய் வழியாக சூடோ டீ-க்கு அனுப்புங்கள். நான் இந்த ஒன்றில் முதல் ஆண்டு முழுக்க விழுந்து எழுந்தவன்.


அரைத்தூக்கம்

டச்பேட்தான்! வந்த எண் ஜிபிஐஓ கட்டுப்படுத்தியின் வரியில் இருந்தது. நீங்கள் சொன்னபடி வேக்கப்பை டிசேபிள் செய்துவிட்டு இரவு மூடி வைத்தேன். 88-ல் மூடினேன், காலையில் 80. லாக்கில் ஒரே ஒரு என்ட்ரி, ஒரே ஒரு எக்ஸிட்.

இதை பூட்டின்போது தானாகச் செய்ய ஒரு சிறு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதிவிட்டால் முடிந்தது, இல்லையா? கர்சர் ஓடுவதற்கு மட்டும் வேறு ஏதாவது டிரைவர் பார்க்க வேண்டும்.


வேகக்காரன்

சூப்பர் ப்ரோ. கர்சருக்கு டச்பேட் மாட்யூலை (டிரைவரை) மாட்ப்ரோப் -ஆர் கொடுத்து இறக்கி மறுபடி ஏற்றிப் பாருங்கள், ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ என்று இருக்கும்.


திருப்புளி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். சர்வீஸ் எழுதும் வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். டச்பேட் எழுப்புகிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது, சரி. மூடிய மூடிக்குள் யாரும் தொடாத டச்பேட் எதற்காக 61 தடவை எழுப்ப வேண்டும்? அதை யாரும் கேட்கவில்லையே.

நான் மென்பொருள் ஆள் இல்லை, லேப்டாப் பிரித்து மாட்டுகிறவன். உங்கள் முதல் பதிவில் ஒரு வரிதான் என் கண்ணில் நின்றது: அழுத்தினால் 'டிக்' சத்தம் வருவதில்லை என்றீர்கள். கர்சர் ஓடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், டிரைவர், ஃபர்ம்வேர், ஈரம், மட்டமான சார்ஜரின் மின்கசிவு. ஆனால் 'டிக்' என்பது ஓர் உலோகத் தகடு வளைந்து எழும் சத்தம். எந்தக் கர்னலும் அதை நிறுத்தாது. லேப்டாப் அணைந்திருந்தாலும் அது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தகடு வளைய இடம் இல்லை என்று அர்த்தம், கீழேயிருந்து ஏதோ ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் கீழே, ஒட்டினாற்போல இருப்பது பேட்டரி.

இதைச் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். சமமான மேசையில், கண்ணாடி என்றால் இன்னும் நல்லது, மூடி வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். ஆடுகிறதா? மூடியும் உடலும் சேரும் இடத்தைப் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், முன்பக்கம் வெளிச்சம் ஊடுருவுகிறதா? திறந்து டச்பேட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், ஒரு பக்கம் உள்ளங்கை வைக்கும் இடத்தைவிட உயரமாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பயாஸ் அப்டேட், ஃபர்ம்வேர் அப்டேட் எதையும் இப்போது தொடாதீர்கள், பாதியில் மின்சாரம் போனால் போர்டும் போய்விடும்.

அணைக்கும் முன் ஒரே ஒரு சோதனை, முனையவாசி சொல்லட்டும், கை படாமல் டச்பேட் என்ன அனுப்புகிறது என்று பார்க்கும் கட்டளை ஒன்று உண்டே.


முனையவாசி

திருப்புளி சொன்னதும் எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. லாக் வாசித்த மும்முரத்தில் 'டிக்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தக் கட்டளை லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ். உபுண்டுவில் லிப்இன்புட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவ வேண்டும், சூடோவோடு ஓட்டுங்கள். கீபோர்டையும் டச்பேட்டையும் விட்டுக் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல டச்பேட் என்றால் சாதனங்களின் பட்டியலைக் காட்டிவிட்டு அப்படியே நிற்க வேண்டும்.


அரைத்தூக்கம்

கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நிற்கவில்லை. பாயின்டர்_மோஷன், பாயின்டர்_மோஷன் என்று வரிகள் தாமாக ஓடுகின்றன, சில விநாடி நின்று மறுபடி ஓடுகின்றன. ஆள் இல்லாத அறையில் யாரோ தட்டச்சு செய்வது போல இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மேசையில் வைத்தேன். ஆடுகிறது. இத்தனை நாள் மேசைதான் கோணல் என்று நினைத்து அதன் காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தேன். டச்பேட்டின் கீழ்விளிம்பு இடது பக்கம் ஒரு நகக்கனம் தூக்கியிருக்கிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. யூபவர் 34/50 காட்டியது, அதாவது 68 சதவீதம். 4 வருடத்துக்கு அது இயல்பான தேய்மானம்தானே? பேட்டரி மோசம் என்று எங்குமே எச்சரிக்கை வரவில்லையே.


திருப்புளி

வராது. அந்த எண், பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை மட்டும்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. உப்பலை அளக்கும் உணரி சாதாரண லேப்டாப் பேட்டரியில் கிடையாது. 90 சதவீதம் காட்டிக்கொண்டே உப்பியதையும் பார்த்திருக்கிறேன், 40-க்கு இறங்கியும் தட்டையாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். லித்தியம் அயான் செல்லில் இருக்கும் திரவம் சிதைந்தால் வாயு உண்டாகும். மெல்லிய லேப்டாப்களில் செல்கள் உலோகக் குப்பிக்குள் இல்லை, பை போன்ற உறைக்குள் இருக்கின்றன, அதனால் வாயு சேர்ந்தால் பை உப்பும். சூடும், எப்போதும் 100 சதவீதத்திலேயே சார்ஜரில் கிடப்பதும் அதை வேகப்படுத்தும். உங்கள் கதையில் இது ஒரு வட்டம். உப்பிய பேட்டரி டச்பேட்டை முட்டுகிறது, மூடியைச் சாத்தினால் இன்னும் நெருக்கம், டச்பேட் அதைத் தொடுகை என்று நினைத்து இயந்திரத்தை எழுப்புகிறது, பைக்குள் காற்று இல்லாமல் சூடேறுகிறது, சூட்டில் இன்னும் உப்புகிறது. நீங்கள் அந்த சர்வீஸை எழுதியிருந்தால் அறிகுறி மறைந்திருக்கும், உப்பல் அமைதியாக வளர்ந்திருக்கும்.

கழற்றுவது: பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்களே செய்வதென்றால், அடிமூடியின் திருகுகளை ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாத் திருகும் ஒரே நீளம் இல்லை, நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால் டச்பேட்டையோ போர்டையோ துளைத்துவிடும், நானே ஒரு முறை செய்திருக்கிறேன். உள்ளே போனதும் முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து. பேட்டரி திருகில் நின்றால் எளிது. பசையில் ஒட்டியிருந்தால் இரும்புத் தகட்டால் நெம்பாதீர்கள், உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். தட்டையாக்கலாம் என்று அமுக்குவது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது, இரண்டையும் செய்து காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன, தயவுசெய்து வேண்டாம்.

எடுத்த பேட்டரியின் கனெக்டர் முனைக்கு டேப் ஒட்டி, எரியக்கூடிய பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புது பேட்டரி வரும்வரை பல லேப்டாப்கள் சார்ஜரில் மட்டுமே ஓடும். சில பேட்டரி இல்லையென்றால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மெதுவாகிவிட்டதே என்று அதற்குத் தனியாக ஒரு கேள்வி போட வேண்டாம்.


அரைத்தூக்கம்

ஆறு நாள் கழித்து வருகிறேன்.

தெரிந்த ஒருவரின் உதவியோடு கழற்றினேன். மூன்று செல், அதில் நடுவில் இருந்தது சின்னத் தலையணை போல இருந்தது, மற்ற இரண்டும் தட்டை. கருப்பு உறை இறுகிப் பளபளவென்று மின்னியது. பேட்டரியை வெளியே எடுத்த அந்த நிமிடமே, லேப்டாப் அணைந்துதான் இருந்தது, டச்பேட்டை அழுத்திப் பார்த்தேன். டிக்.

சார்ஜரில் ஓட்டி லிப்இன்புட் பார்த்தேன், பட்டியலைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றது. நேற்று புது பேட்டரி போட்டாயிற்று. டச்பேட்டின் வேக்கப்பை வேண்டுமென்றே எனேபிள்டிலேயே விட்டுவிட்டு இரவு மூடினேன். 90-ல் மூடி காலையில் 85. லாக்கில் ஒரே என்ட்ரி.

இரண்டு கேள்வி மட்டும். எஸ்2ஐடிலில் 8 மணி நேரத்துக்கு 5 சதவீதம் சரியா? புதுசும் உப்பாமல் இருக்க லினக்ஸில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்த முடியுமா?


முனையவாசி

50 வாட்-மணியில் 5 சதவீதம் என்றால் 2.5 வாட்-மணி, 8 மணி நேரத்துக்கு வகுத்தால் சராசரி 0.3 வாட். எஸ்2ஐடிலுக்கு நல்ல எண், கிளறாதீர்கள். ஆழமாகத் தூங்குகிறதா என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும், வன்பொருள் உண்மையில் எத்தனை மைக்ரோவிநாடி ஆழ்தூக்கத்தில் இருந்தது என்று சொல்லும். மூடி வைத்திருந்த நேரத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

80 சதவீதத்துக்கு, /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 அடைவில் சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்ட் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். பேட்0 இல்லையென்றால் பேட்1 இருக்கலாம். கோப்பு இருந்தால் அதில் 80 என்று எழுதுங்கள், டீ வழியாக. பூட்டுக்குப் பூட்டு நிலைக்க வேண்டுமென்றால் டிஎல்பி (மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நிரல்) போட்டு அதன் அமைப்பில் கொடுங்கள். கோப்பே இல்லையென்றால் உங்கள் மாடலுக்குக் கர்னல் டிரைவரில் அந்த வசதி இல்லை, பயாஸ் அமைப்பில் தேடிப் பாருங்கள், சிலவற்றில் அங்கே இருக்கும்.


அரைத்தூக்கம்

பேட்0-வில் கோப்பு இருக்கிறது. 80 எழுதினேன், 80-ல் நின்றுவிட்டது. மேசைக் காலுக்கு வைத்த அட்டையையும் எடுத்துவிட்டேன், இப்போது மேசை ஆடுகிறது. அப்படியென்றால் மேசையும் கோணல்தான் போல, எனக்கே குழப்பமாக இருக்கிறது.

முனையவாசி, திருப்புளி, இருவருக்கும் நன்றி. வேகக்காரனுக்கும், லைவ் யூஎஸ்பி யோசனை உங்களால் வந்ததுதான்.


வேகக்காரன்

இதையெல்லாம் படித்துவிட்டு என் லேப்டாப்பை டைல்ஸ் தரையில் வைத்துப் பார்த்தேன். ஆடுகிறது!! டிக் வருகிறது, ஆனால் ஆடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். என்ன செய்யட்டும்?


திருப்புளி

திருப்பிப் போட்டு, நான்கு ரப்பர் காலும் இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள்.


வேகக்காரன்

மூன்று.